சத்திரம் யாருக்கு?

கதிர்காமம் என்று சொன்னவுடன் நமது மக்களில் பெரும்பாலோருக்கு இலங்கையின் தென்பகுதியிலுள்ள முருகன் ஸ்தலந்தான் ஞாபகத்திற்கு வரும். யாழ்ப்பாணத்திலிருந்து காட்டு வழியாகக் கால்நடையாகவே அங்கு போகிறவர்கள் இன்றும் உண்டு. ஆனால் நாம் எழுத வந்தது அந்தக் கதிர்காமத்தைப் பற்றியல்ல. புதுச்சேரியில், உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்த கதிர்காமத்தைப் பற்றியே எழுதுகின்றோம். அந்தக் கதிர்காமத்திற்குப் போகிறவர் பாவத்தைத் தொலைக்கப் போகிறார். இந்தக் கதிர்காமத்திற்கு வருகிறவர் நோயைத் தொலைக்க வருகிறார். இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரியும் அதன் ஆஸ்பத்திரியும் இங்கேதான் இருக்கின்றன. சற்றுத் தள்ளிக் கோரிமேட்டில், 1823-ல் பிரெஞ்சுக்காரர் ஆரம்பித்த வைத்தியப் பள்ளிக்கூடத்தின் வழிவந்ததாகிய ஜிப்மர் இருக்கிறது. கடலூர், விழுப்புரம், திண்டிவனம் என்று நாலா பக்கங்களிலிருந்தும் ஏழை மக்கள் பஸ் ஏறி வந்த வண்ணமாய் இருக்கிறார்கள்.

வருகின்ற நோயாளிக்கு எப்படியாவது ஒரு கட்டில் கிடைத்துவிடுகிறது. கூட வந்த மனைவிக்கோ, தாய்க்கோ, மகனுக்கோ எது கட்டில்? எந்தப் பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வேண்டுமானாலும் இரவு பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள். தாழ்வாரத்திலும், மரத்தடியிலும், மாடிப்படிக்குக் கீழும் பழைய புடவையை விரித்து, சோற்றுத் தூக்கையும் மாத்திரைச் சீட்டையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருப்பவர்கள் யார்? லாட்ஜில் அறை எடுத்தால் ஒரு வாரக் கூலி ஒரு ராத்திரியில் போய்விடும் என்று கணக்குப் பார்த்தவர்கள்தான் அவர்கள். கடற்கரைப் பக்கம் போனாலோ, சனி ஞாயிறுகளில் கார் போட்டுக்கொண்டு வரும் கனவான்களுக்கே அறை வாடகை கட்டுப்படியாவதில்லை.

இதே அம்மாள் இதே மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வராமல், பழநிக்கோ, திருச்செந்தூருக்கோ, இராமேஸ்வரத்திற்கோ, திருவண்ணாமலைக்கோ போயிருந்தால் என்ன நடக்கும்? அங்கே தெருவுக்குத் தெரு மடங்களும் சத்திரங்களும் இருக்கின்றன. சொற்பக் கட்டணத்திற்குக் கூடமும், பாயும், தண்ணீரும் கிடைக்கும். சில இடங்களில் சாப்பாடும் கிடைக்கும். ஒரே ஒரு கேள்விக்குப் பொருத்தமான பதில் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று எழுதுகின்றோம்.

சில வருஷங்களுக்கு முன் நாமும் இரண்டு தோழர்களும் ஒரு கோவில் ஊரில் நடந்த கூட்டத்திற்குப் போயிருந்தோம். கூட்டம் முடிய நேரமாகி, கடைசி பஸ்ஸும் போய்விட்டது. பக்கத்திலிருந்த ஒரு மடத்தில் இடம் கேட்டோம். கணக்குப்பிள்ளை மிகவும் மரியாதைக்காரர். "என்ன ஜாதி?" என்று அவர் கேட்கவேயில்லை. "சொந்த ஊர் எது?" என்றார். சொன்னோம். "அந்த ஊரில் எந்தத் தெரு?" என்றார். அதையும் சொன்னோம். "குலதெய்வம்?" என்றார். நமக்குக் குலமும் இல்லை, தெய்வமும் இல்லை என்றோம். உடனே அவருக்கு ஒரு சங்கதி ஞாபகத்திற்கு வந்துவிட்டது. காலையில் ஒரு கல்யாணக் கோஷ்டி வருகிறதாம், அதனால் அறை ஒன்றும் காலியில்லையாம். சுவரில் தொங்கிய சாவிகளை நாம் எண்ணிப் பார்த்தோம். பதினொன்று இருந்தன. அன்றிரவு பஸ் நிலையத்தில் படுத்தோம். கொசுக்கடியைத் தவிர அங்கே நம்மை விசாரித்தவர் ஒருவருமில்லை.

இதைக் கேட்டு யாரும் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. இந்நாட்டில் சத்திரத்து வாசலில் தள்ளப்பட்டவர்களின் வரிசையில் நாம் கடைசி ஆட்கள். முன்னே நின்றவர்களைப் பாருங்கள்.

1904-ல் ஈரோட்டிலிருந்து வீட்டோடு கோபித்துக்கொண்டு காசிக்குப் போன ஒரு இளைஞர் கதை நமது வாசகர்களுக்குத் தெரியாததல்ல. கையிலிருந்த காசு தீர்ந்தது. காசியில் சத்திரங்களுக்குக் குறைவில்லை, ஆனால் சோறு பார்ப்பனருக்கு மட்டும். பசி தாங்காமல் தாமும் ஒரு பூணூலை மாட்டிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தார். மீசை காட்டிக்கொடுத்துவிட்டது. வாயில்காப்பவன் பிடித்துத் தெருவில் தள்ளினான். அந்தச் சமயம் உள்ளே சாப்பிட்டு முடிந்த எச்சிலிலைகள் வெளியே வந்து விழ, நாய்களோடு போட்டியிட்டு அந்த இலைகளிலிருந்ததை எடுத்துத் தின்றார். தின்றுகொண்டே நிமிர்ந்து பார்த்தபோது சுவரில் எழுதியிருந்தது, அந்தச் சத்திரம் தென்னாட்டைச் சேர்ந்த பார்ப்பனரல்லாத வணிகர் ஒருவரின் பணத்தில் கட்டப்பட்டது என்று! அந்த இளைஞர்தான் பெரியார் ஈ.வெ.ராமசாமி.

அடுத்தவரைப் பாருங்கள். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917-ல் பரோடா சமஸ்தானத்தில் உத்தியோகத்திற்கு வந்தார் அம்பேத்கர். ஹிந்து ஓட்டல் எதிலும் அவருக்கு இடமில்லை. ஒரு பார்சி விடுதியில், பார்சி என்று வேறு பெயர் எழுதிக்கொடுத்து, நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்துத் தங்கினார். பதினோராம் நாள் காலையில் தடிகளோடு பத்துப் பன்னிரண்டு பார்சிகள் வந்து மாடிப்படியில் நின்றார்கள். சாயங்காலத்திற்குள் இடத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். ஊரிலிருந்த சிநேகிதர்களும் சாக்குச் சொன்னார்கள். ஒரு பொதுத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி ரயிலேறிப் பம்பாய்க்குப் போனார். பிற்காலத்தில் ஒரு தேசத்தின் அரசியல் சட்டத்தையே எழுதும் குழுவுக்குத் தலைமை வகித்தவருக்குத் தலைசாய்க்க ஒரு வாடகைக் கட்டில் கிடைக்கவில்லை!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றிருக்கிறது. காசியில் தள்ளியது ஒரு கூட்டம், பரோடாவில் தள்ளியது வேறொரு மதத்தைச் சேர்ந்த மற்றொரு கூட்டம். ஆகையால் நோய் ஒரு கூட்டத்தாரோடு நின்றுவிட்டதென்று நாம் சொல்ல முடியாது. இதைப் பிறகு சொல்லுகின்றோம்.

நிற்க. "சத்திரம் என்பது ஆதியிலிருந்தே அவரவர் ஆசாரப்படி நடந்து வந்தது, அதில் கை வைக்கலாமா?" என்று கேட்கும் சாஸ்திரிகளுக்கும், சாஸ்திரிகளைவிட அதிகமாய் சாஸ்திரம் பேசும் நம்மவர்களுக்கும் தஞ்சாவூர் சங்கதி ஒன்றைச் சொல்லுகின்றோம். இராமேஸ்வரம் போகும் பாதையில் தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தார் வரிசையாகச் சத்திரங்கள் கட்டியிருந்தார்கள். கம்பெனியார் இவற்றில் தலையிடுவார்களோ என்று பயந்து, 1801-ல் சரபோஜி அரசர் ரெசிடெண்டுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அதில் அந்தச் சத்திரங்களில் என்ன நடக்கிறதென்று விவரம் சொல்லியிருக்கிறார். பிராமணர் முதல் பறையர் வரை வருகிற வழிப்போக்கர் எல்லோருக்கும் அன்னம். சமைத்த சோறு உண்ணாதவர்க்கு அரிசியும் சாமானும். வழியில் நோயாய் விழுந்தவர்க்கு வைத்தியரும் மருந்தும் பத்தியமும். பிள்ளை பெற வந்தவளுக்குப் பிரசவ உதவி. தாய் தகப்பனற்ற குழந்தைக்குப் பாலும் பிறகு படிப்பும். செத்தால் அடக்கம். அந்த அரசர் ஜாதியை ஒழிக்கப் புறப்பட்டவரல்ல. யாகமும் தானமும் செய்தவர்தான். அவருடைய சத்திரத்திலேயே நோயாளிக்கு இடமிருந்தது என்பதையும், அந்த இடம் எல்லோருக்கும் என்று எழுதி வைத்தார் என்பதையுந்தான் நாம் எடுத்துக்காட்டுகின்றோம்.

இப்படி எழுதி வைத்த சொத்து பின்னாளில் என்ன ஆயிற்று? சத்திரத்து வருமானத்தில் பள்ளிக்கூடங்களும் மாணவர் விடுதிகளும் நடந்தன. ஒரத்தநாட்டிலும் இராஜாமடத்திலும் அந்த விடுதிகளில் பார்ப்பனப் பிள்ளைகளுக்கு மட்டுமே சாப்பாடு என்றாகிவிட்டது. 1920-களில் தஞ்சை ஜில்லா போர்டுத் தலைவராயிருந்த ஏ.டி.பன்னீர்செல்வம் அவர்கள்தான் அதை மாற்றி, மற்றப் பிள்ளைகளுக்கும் ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்கும் அவ்விடுதிகளைத் திறந்துவிட்டார். திருவையாற்றில் சமஸ்கிருதத்திற்கு மட்டும் என்றிருந்த கல்லூரியில் தமிழையும் நுழைத்தார். 1940-ல் ஆகாய விமானத்தோடு கடலில் போய்விட்ட அந்த மனிதரைப் பற்றி இன்றைய பிள்ளைகளுக்கு எத்தனை பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

இதே 1920-களில்தான் சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்ற விவகாரமும் வெடித்தது. அதை நடத்தியவர் வ.வே.சு.ஐயர். பத்து வருஷ காலம் இந்தப் புதுச்சேரியில் அகதியாயிருந்து, வெள்ளைக்காரப் போலீசுக்குத் தப்பி, இந்த ஊராருடைய ஆதரவில் காலந்தள்ளியவர். அடைக்கலம் என்றால் என்னவென்று அனுபவித்து அறிந்தவருடைய விடுதியிலேயே இப்படி நடந்ததென்றால், மற்ற விடுதிகளைப் பற்றி என்ன சொல்லுவது? ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதிகளில் "பிராமணாள்", "இதராள்" என்றிருந்த தனி இடங்கள் ஒழிய 1941 ஆகவேண்டியிருந்தது.

இனி நமது சொந்த வீட்டுக் குப்பையைக் கிளறுவோம். பெரியாரைக் காசியில் தள்ளிய கதையை மேடையில் சொல்லாத பேச்சாளர் இல்லை. கேட்டுக் கை தட்டாத கூட்டமும் இல்லை. அந்தக் கை தட்டுகிறவர்களில் எத்தனை பேர் தங்கள் ஜாதிப் பெயரால் கோவில் ஊரில் மடம் கட்டி, வாசலில் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள்? பார்ப்பனரல்லாத ஒவ்வொரு ஜாதியாரும் பணம் சேர்ந்தவுடன் செய்கிற முதல் காரியம் ஒரு கல்யாண மண்டபம், இரண்டாவது காரியம் ஸ்தலத்தில் ஒரு மடம். "எங்கள் ஜனங்களுக்கு வசதி செய்துகொள்ளுகிறோம், இதில் என்ன தப்பு?" என்பார்கள். அந்தக் காலத்தில் மற்றவர்கள் இடம் கொடுக்காததினால்தான் இவர்கள் தனியே கட்டிக்கொண்டார்கள் என்பதும் பல இடங்களில் வாஸ்தவமே. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், தன்னை வெளியே நிறுத்தியதற்காகக் கட்டிய மடத்தின் வாசலில், தனக்கும் கீழே என்று தான் நினைக்கிறவனை வெளியே நிறுத்தினால், முதலில் நிறுத்தியவனைக் குறைசொல்ல என்ன யோக்கியதை இருக்கிறது? காசிச் சத்திரத்து வாயில்காப்பவன் மீசையைப் பார்த்தான். நமது கணக்குப்பிள்ளை தெருவின் பெயரைக் கேட்கிறார்.

"சட்டம் இருக்கிறதே" என்று சிலர் சொல்லக்கூடும். இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு கடை, ஓட்டல் முதலியவைகளில் ஜாதி மத வித்தியாசம் கூடாதென்கிறது. 1955-ல் வந்து, 1976-ல் திருத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியதில் தர்மசாலை, சத்திரம், முசாபர்கானா என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. பொதுமக்களுக்கு என்றிருக்கும் சத்திரத்திற்கு மட்டுமல்ல, அவர்களில் "ஒரு பகுதியாருக்கு" என்றிருக்கும் சத்திரத்திற்கும் அது செல்லும். ஆகவே "இது எங்கள் சமூகத்து மடம்" என்று சொல்லித் தீண்டாமையை நடத்திவிட முடியாது. மீறினால் ஒரு மாதத்திற்குக் குறையாமல் ஆறு மாதம் வரை சிறை, அபராதம் வேறு. தாழ்த்தப்பட்டவர் விஷயத்தில், தீண்டாமை காரணமாகவே மறுத்தார்கள் என்று கோர்ட்டு அனுமானிக்க வேண்டும் என்றும், இல்லையென்று மறுத்தவரே ருசுப்படுத்த வேண்டும் என்றும் இருக்கிறது. இவ்வளவும் இருந்து என்ன? ராத்திரி பதினோரு மணிக்குப் பெண்டு பிள்ளைகளோடு நிற்கிறவர், "அறை காலியில்லை" என்ற மூன்று வார்த்தையை எடுத்துக்கொண்டு எந்தக் கோர்ட்டுக்குப் போவார்? சாவி எண்ணிக்கையைச் சாட்சிக்கு அழைப்பாரா?

அமெரிக்காவிலும் இப்படித்தான் இருந்தது. கறுப்பு மக்கள் காரில் பிரயாணம் போனால் எந்த ஊரில் எந்த விடுதியில் தள்ளாமல் இடம் கொடுப்பார்கள் என்பதற்கு, விக்டர் கிரீன் என்ற நியூயார்க் தபால்காரர் ஒருவர் 1936 முதல் வருஷா வருஷம் ஒரு கைப்புத்தகமே போட்டார். 1964-ல் சட்டம் வந்தது. அட்லாண்டா நகரத்து மோட்டல்காரர் ஒருவர், "என் விடுதி, என் இஷ்டம்" என்று சுப்ரீம் கோர்ட்டு வரை போய், அதே வருஷம் தோற்றார். ஜெர்மனியில் ஷிர்மன் என்ற பள்ளிக்கூட வாத்தியார், பிள்ளைகளோடு கால்நடையாய்ச் சுற்றுலாப் போகும்போது மழைக்கு ஒதுங்க இடமின்றிக் கஷ்டப்பட்டதிலிருந்துதான் இளைஞர் விடுதி என்ற யோசனை பிறந்தது. 1912-ல் ஆல்டெனா ஊர்க் கோட்டையில் விடுதி வைத்தார். அந்த யோசனை உலகமெல்லாம் பரவி, நமது புதுச்சேரி சோலை நகரில்கூட ஒரு இளைஞர் விடுதி இருக்கிறது. ஆனால் பிறந்த நாட்டிலேயே, 1933-ல் நாஜிகள் அந்த விடுதிகளைக் கைப்பற்றி, யூதப் பிள்ளைகளை வெளியே நிறுத்தினார்கள். மலிவான கட்டிலை யார் கையில் வைத்திருக்கிறாரோ அவர் கேட்கும் முதல் கேள்வி எந்த நாட்டிலும் பிறப்பைப் பற்றியதாயிருக்கிறது!

காசிக்குத் திரும்புவோம். 2025 அக்டோபர் 31-ந் தேதி அங்கே தமிழ்நாட்டு நகரத்தார் சங்கத்தின் புதிய சத்திரம் ஒன்றைக் குடியரசுத் துணைத் தலைவர் திறந்து வைத்தார். பத்து மாடி, 140 அறை, செலவு 60 கோடி ரூபாய் என்று சொல்லப்பட்டது. அச்சங்கத்தார் 1863 முதல் அங்கே சத்திரம் நடத்துகிறவர்கள். அவர்கள் மீது நமக்குப் புகார் ஒன்றுமில்லை. தூர தேசத்தில் போய் இறங்குகிற தமிழனுக்கு நல்ல இடம் கிடைத்தால் சந்தோஷமே. நமது கவலை வேறு. காசியில் சாவதற்குக்கூட விடுதி இருக்கிறது. முக்தி பவன் என்று பெயர், 1958 முதல் நடக்கிறது. காசியில் செத்தால் மோட்சம் என்று நம்பி வந்த நோயாளிகளுக்கு அங்கே அறை கொடுக்கிறார்கள். பொதுவாக இரண்டு வாரம் தவணை. அதற்குள் சாகாதவர் இடத்தை இன்னொருவருக்கு விட வேண்டியதுதான். சாக வருகிறவருக்கு அறை கட்டிவைத்த தேசத்தில், பிழைக்க வருகிறவருக்கு அறை கட்டத் தர்மப்பிரபுக்கள் எத்தனை பேர் முன்வந்தார்கள்?

தர்மம் என்பது ஸ்தலத்தில் செய்தால்தான் புண்ணியக் கணக்கில் ஏறும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். பணக்காரர் அப்படியே கேட்டு நடந்துகொண்டார். கதிர்காமத்து ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கூடம் கட்டிப் பாய் விரித்துக் கொடுத்தால் அதற்குப் பலன் எழுத ஒரு புராணமும் இல்லை. இதை ஒப்புக்கொள்ளாமல் வேறு வழி காட்டிய ஆஸ்திகரும் இருந்தார். கதிர்காமத்திலிருந்து வெகுதூரமில்லை, வடலூரில், 1867-ல் இராமலிங்க அடிகள் தர்மசாலை வைத்தார். பசித்தவர் யாரானாலும், எந்த ஜாதியானாலும் சோறு என்றார். அடுப்பு இன்றும் எரிகிறது. கடவுள் விஷயத்தில் அவருக்கும் நமக்கும் வெகுதூரம். ஆனால் சோற்றுப் பந்தி விஷயத்தில் அவர் கேட்காத கேள்வியை இன்று நாத்திகம் பேசுகிறவர்கள் மடத்திலும் கேட்கிறார்கள் என்றால் வெட்கப்பட வேண்டியது நாமே.

ஆகவே புதுவை அரசாங்கத்தாருக்கும், பணம் படைத்த கனவான்களுக்கும் நாம் சொல்லுவது இதுதான். கதிர்காமத்திற்கும் கோரிமேட்டிற்கும் நடுவில் எங்காவது, நோயாளிகளோடு வருகிறவர்கள் தங்க ஒரு பெரிய பொதுச் சத்திரம் வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கூடம், கக்கூஸ், குளிக்க வெந்நீர், சோறு பொங்கிக்கொள்ள அடுப்பு, மூட்டை வைக்கப் பூட்டுள்ள பெட்டி. இவ்வளவு போதும். ஜன்னலுக்குத் திரை வேண்டாம். கட்டணத்தைப் பலகையில் எழுதி வெளியே தொங்கவிட வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினால் இடம் கொடுக்க வேண்டும். அரசாங்க அடையாள அட்டைக்கு மேல் ஊர், தெரு, குலம், மதம் என்று ஒரு வார்த்தை கேட்கக்கூடாது. தனியாக வந்த பெண்பிள்ளையைச் சந்தேகக் கண்ணோடு பார்த்துத் திருப்பி அனுப்புகிற வழக்கமும், முஸ்லிம் பெயரைக் கண்டவுடன் அறை நிறைந்துவிடுகிற வழக்கமும் அங்கே இருக்கக்கூடாது. நன்கொடை கொடுத்தவர் பெயரைக் கல்லில் போட்டுக்கொள்ளட்டும், நமக்கு ஆட்சேபணையில்லை. ஜாதிப் பட்டத்தை மட்டும் விட்டுவிட்டுப் போடட்டும்.

ஏற்கனவே கோவில் ஊர்களிலுள்ள மடங்களின் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மடத்தில் எல்லோருக்கும் இடமுண்டு என்றால், அதைப் பெரிய எழுத்தில் வாசலில் எழுதி வையுங்கள். எழுதிய பலகையைப் படம் பிடித்து அனுப்பினால், மடத்தின் பெயரோடு இப்பத்திரிகையில் இலவசமாய்ப் பிரசுரிக்கின்றோம். பிரயாணம் போகும் நமது தோழர்களுக்கு அது உபயோகமாயிருக்கும்.

வாசகர்களில் யாரையாவது விடுதியிலோ மடத்திலோ ஊரையும் தெருவையும் கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தால், தேதி, நேரம், கேட்ட கேள்வி, சொன்ன பதில் ஆகியவைகளை ஒரு கடிதத்தில் எழுதி அனுப்புங்கள். எழுதுகிறவர் பெயரை வெளியிட மாட்டோம். முடிந்தால் சுவரில் எத்தனை சாவி தொங்கிற்று என்பதையும் எண்ணி எழுதுங்கள்.